யாழ்ப்பாணத்தில் சிறை பார்த்த கதை

வேலூரிலிருந்து மீனம்பாக்கம் வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அங்கிருந்து யாழ்ப்பாணம் போக ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. விசிறி சுழலும் சின்ன விமானம். தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடிப்பதற்குள் கடல் முடிந்து பனந்தோப்பு வந்துவிட்டது. பலாலியில் இறங்கினால் குடிவரவு அதிகாரி தமிழில் கேட்கிறார்: “எங்க தங்கப் போறீங்கள்?” வெளிநாட்டுக்கு வந்திருக்கிறோம் என்று மனசுக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அது நம்பவே மாட்டேன் என்றது. 2019 அக்டோபரில்தான் இந்தப் பழைய விமானத் தளம் சர்வதேச விமான நிலையமாயிற்று. அதற்கு முன்பு கொழும்பில் இறங்கி, ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸிலோ ரயிலிலோ வடக்கே வர வேண்டும்.

தை மாதம். விடியற்காலையில் விடுதி வாசலுக்கு வந்தால், எதிர்த் தேநீர்க் கடைக்காரர் கம்பளித் தொப்பி, கழுத்தைச் சுற்றித் துண்டு, உள்ளே ஸ்வெட்டர் என்று இமயமலைக்குக் கிளம்பியவர் கோலத்தில் நிற்கிறார். “சரியான குளிர் என்ன தம்பி?” என்று என்னிடம் வேறு கேட்கிறார். வேலூர் வெயிலில் முப்பது வயது வரைக்கும் வெந்தவனிடம் இந்தக் கேள்வியா! அரைக்கைச் சட்டையோடு நின்று, வியர்க்காத விடியல் ஒன்றை ஆச்சரியமாக அனுபவித்துக்கொண்டிருந்தேன். காற்றில் உப்பும் கருவாடும் எங்கோ வறுக்கிற மிளகாயும் கலந்த வாசம். பால் விடாத பிளேன்டீ, கூடவே கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. முதல் வாயில் விழித்தேன், இரண்டாவது வாயில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தேன்.

ஓட்டோக்காரரிடம் நான் பார்க்க வேண்டிய இடங்களைச் சொன்னதும் அவர் கண்ணாடி வழியாக என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். “மறியலைப் பாக்கவோ இந்தியாவிலயிருந்து வந்தனீங்கள்? நல்லூர், நயினாதீவு, கீரிமலை ஒண்டும் வேண்டாமோ?”

மறியல் என்றால் இங்கே சிறை. அவருக்கு விளக்கிச் சொல்ல நேரம் பிடித்தது. நான் தொரப்பாடிக்காரன். வேலூர் மத்திய சிறைச் சுவரைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போனவன். எங்கள் ஊருக்கும் இலங்கைக்கும் இருநூறு வருடத்துக்கு மேலாகச் சிறை வழியாகத்தான் உறவு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வெள்ளைக்காரன் பிடித்து, 1816இல் கொண்டுவந்து வைத்தது எங்கள் வேலூர்க் கோட்டையில். 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று சமாதி இருக்கிறது. போன நூற்றாண்டின் கடைசியில், ராஜீவ் காந்தி கொலை வழக்கில், உடுப்பிட்டிச் சாந்தன் வந்தார். அவரும் எங்கள் தொரப்பாடிச் சுவருக்கு உள்ளேதான் இருந்தார். இத்தனை பேரை எங்களிடம் அனுப்பிய தேசம், தன் சிறைகளை எப்படி வைத்திருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. உள்ளே போவது எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்: ஒரு வாசல், ஒரு பூட்டு. வெளியே வருவதற்கு யாரிடம் எந்தக் காகிதம் இருக்கிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். அந்தக் காகிதத்தைத் தேடித்தான் வந்தேன்.

“சரி, ஏறுங்கோ” என்றார் அண்ணை.

முதலில் கோட்டை. போர்த்துக்கீசர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த கையோடு தொடங்கியது. ஒல்லாந்தர் 1658இல் பறித்து ஐங்கோணமாக விரித்துக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் வேலூர்க் கோட்டை கருங்கல், தொட்டால் சுடும். இது முருகைக்கல். கடலுக்குள் இருந்து வெட்டி எடுத்த பவளப் பாறை. கையை வைத்தால் சொரசொரவென்று குளிர்ந்து கிடக்கிறது, உற்றுப் பார்த்தால் சிப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சுவரில் விரலால் தடவிக்கொண்டே நடந்தேன். முழுச் சங்கு ஒன்று, சுண்ணாம்புக்குள் பாதி புதைந்து, வாயைத் திறந்தபடி இருந்தது. மேலே ஏறினால் ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் பரவைக் கடல். கடற்காற்று சட்டையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது. 1706இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவைத் தேவாலயம் 1990 முற்றுகையில் நொறுங்கி, இப்போது கற்குவியலாகக் கிடக்கிறது. கோட்டையைச் சீரமைக்கும் வேலை நெதர்லாந்து உதவியோடு போர் முடிந்தபின் நடந்தது. பாதி பளபளப்பு, பாதி இடிபாடு.

இந்தக் கோட்டைக்குள்தான் ஒரு காலத்தில் யாழ்ப்பாணச் சிறை இருந்தது. லெனார்ட் வுல்ஃப், பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃபின் கணவர், 1905இல் இருபத்து நாலு வயதுச் சிவில் அதிகாரியாக இங்கே வந்து கோட்டை மதில் மேலிருந்த பங்களாவில் குடியிருந்தார். அடுத்துக் கண்டிக்கு மாறியபோது போகம்பறைச் சிறையில் தூக்குத் தண்டனைகளுக்கு அரசாங்கத்தின் சார்பில் நிற்க வேண்டியதாயிற்று. அந்த அனுபவத்தைப் பிற்காலத்தில் தன் சுயசரிதையில் எழுதினார். ஏகாதிபத்தியத்தின் மீது அவருக்கு வந்த கசப்பில் அந்தக் காலைப் பொழுதுகளுக்கும் பங்குண்டு என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு விஷயம், இதைக் கேட்டதும் நான் மதில் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியைத் தொடங்கிய ரோகண விஜேவீர 1971 மார்ச்சில் கைதாகி, கொழும்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஆபத்து என்று இவ்வளவு தூரம் வடக்கே கொண்டுவரப்பட்டார். ஏப்ரல் 5 இரவு நாடு முழுக்க அவர் கட்சியின் கிளர்ச்சி வெடித்தபோது, அவரை மீட்க யாழ்ப்பாணத்தில் தாக்கிய இளைஞர்கள் தோற்றுப்போனார்கள். 1977இல் ஆட்சி மாறியதும் அவர் வெளியே வந்தார். அவர் தொடங்கிய அதே கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் இலங்கையின் சனாதிபதியானார். தண்டனை பெற்ற எந்தக் கைதியையும் மன்னித்து வெளியே விடும் அதிகாரம் இந்த நாட்டில் சனாதிபதி ஒருவரிடம்தான் இருக்கிறது. நேற்றைய கைதியின் கட்சிக்கு இன்று சாவி! சரித்திரம் எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் நையாண்டி புத்தி உண்டு.

இப்போதைய சிறை கோட்டைக்கு அருகிலேயே, பண்ணையில். புதிய கட்டடம், உயர்ந்த சுவர். நான் உள்ளே போகவில்லை. வாசலே எனக்குப் போதுமானதாக இருந்தது. பார்வையாளர் வரிசையில் பெண்களே அதிகம். கையில் சோப்பு, பற்பசை, சாரம், வாழையிலையில் கட்டிய சோறு. தண்டனை பெறாமல் விளக்கமறியலில் இருப்பவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டும் என்பதால், ஒரு அம்மா கட்டும்போதே எளிதில் அவிழும் முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தொரப்பாடி வாசலிலும் இதே சோப்பு, இதே பை, இதே முகங்கள். ஒரே வித்தியாசம், இங்கே சுவருக்குப் பின்னால் கடல் இரைகிறது.

“எப்ப விடுவாங்கள் எண்டு தெரியேல்லை. பெப்ரவரி நாலுக்கு ஏதும் வருமோ?” என்று அந்த அம்மா பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். பெப்ரவரி 4 இலங்கையின் சுதந்திர தினம். அன்றைக்கும், வெசாக்குக்கும், கிறிஸ்மஸுக்கும், செப்டம்பர் 12 கைதிகள் தினத்துக்கும் சனாதிபதி பொதுமன்னிப்புப் பட்டியல் வெளியாகும். தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்களும், சின்னக் குற்றவாளிகளும், வயதானவர்களும்தான் பெரும்பாலும் அதில் வருவார்கள். அம்மாவின் மகனுக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. தண்டனை இல்லாதவனுக்கு மன்னிப்பு எப்படி வரும்? பக்கத்தில் நின்றவருக்கு அது தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

பத்து மணிக்குக் கொக்குவில். ஓய்வுபெற்ற சிறை அதிகாரி ஒருவரைப் பார்க்க நண்பர் ஏற்பாடு செய்திருந்தார். வெலிக்கடை, அநுராதபுரம் என்று ஊர் ஊராக வேலை பார்த்தவர். வாசலில் கிடுகு வேலி, உள்ளே கறுப்பு ஆஸ்டின் கார் ஒன்று தூசி படியாமல் நிற்கிறது. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓட்டியதாம். சிறையைப் பற்றிக் கேட்க வந்தவன் காரைப் பற்றியே அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் அவர் பழைய கலண்டர்த் தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டு, அடிமட்டம் வைத்துக் கட்டம் போட ஆரம்பித்தார்.

“மேல நீதி அமைச்சு. கீழ சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகம். கந்தோர் கொழும்பு பேஸ்லைன் வீதியில, வெலிக்கடைக்குப் பக்கத்தில. அதுக்குக் கீழ ஆணையாளர்மார். பிறகு ஒவ்வொரு மறியலுக்கும் ஒரு அத்தியட்சகர், பிரதான ஜெயிலர், ஜெயிலர், சார்ஜன்ட், காவலர். இவ்வளவுதான் தம்பி, நேர்கோடு.”

1877இன் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. 1905 ஜூலை 16இல் பொலிஸிடமிருந்து பிரித்துத் தனித் திணைக்களம் ஆக்கினார்கள். அன்று முதல் பொலிஸ் வேறு, சிறை வேறு. இதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. தமிழ்நாட்டில் சிறைத் துறை மாநிலத்தின் கையில் இருந்தாலும் உச்சி நாற்காலியில் உட்காருபவர் ஐ.பி.எஸ். அதிகாரிதான். அதே சமயம் எங்கள் ஒன்பது மத்திய சிறைகளுக்கும் தலைமை சென்னையிலேயே இருக்கிறது. வேலூர்க் கைதியின் மனைவி காலையில் ரயிலேறினால் மனுவைக் கொடுத்துவிட்டுச் சாயந்திரம் வீடு திரும்பலாம். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குக் கொழும்பு நானூறு கிலோமீட்டர். மனு எழுத வேண்டியது எந்த மொழியில் என்ற கவலை தனி.

ஐயா தாளின் கீழ்ப் பாதியில் சிறைகளின் வகையை எழுதினார். நீண்ட தண்டனைக்காரருக்கு மூடிய சிறைகள்: வெலிக்கடை, மஹர, கண்டிப் பக்கம் தும்பறை. வழக்கு முடியாதவர்களுக்கு விளக்கமறியற்சாலைகள். தண்டனை முடியப் போகிறவர்களுக்கும் சின்னத் தண்டனைக்காரருக்கும் வேலை முகாம்கள். மதிலே இல்லாத திறந்தவெளி முகாம்கள். இளைஞருக்குப் பல்லன்சேன, தல்தென சீர்திருத்த நிலையங்கள். யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று குடாநாட்டின் நீதவான் நீதிமன்றங்கள் எல்லாம் ஆட்களை அனுப்புவது பண்ணைச் சிறைக்கு. மொத்த நாட்டிலும் சிறைகளில் இருக்கிற இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள். அவர்களில் பெரும்பகுதி இன்னும் தீர்ப்பு வராதவர்கள், இல்லாவிட்டால் போதைப்பொருள் வழக்குக்காரர்கள். ‘சிறைக்கைதிகளும் மனிதர்களே’ என்று வெலிக்கடைச் சுவரில் எழுதியிருக்கிறதாம். 1983 ஜூலை 25இலும் 27இலும் அந்தச் சுவருக்கு உள்ளே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இதைச் சொல்லும்போது ஐயா தாளைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

“வெளிய வாற வழி?” என்று கேட்டேன்.

“நீங்கள் பரோல் எண்டு சொல்லுறது இஞ்ச அப்பிடியே இல்லை.” எங்கள் பக்கம் 1982ஆம் வருட விதிகளின்படி சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று இரண்டு உண்டு, தங்கை கல்யாணத்துக்கும் அப்பா சாவுக்கும் ஆள் போலீஸ் காவலோடோ இல்லாமலோ வந்து போவார். இங்கே வீட்டு விடுமுறை இருக்கிறது, வெளியே வேலைக்கு அனுப்பும் முறை இருக்கிறது, தண்டனையின் கடைசிப் பகுதியை நிபந்தனைகளோடு வெளியே கழிக்க விடும் ‘லைசன்ஸ்’ இருக்கிறது. ஒழுங்காக இருந்தால் நாள் கழிவும் உண்டு. சிறைக்கே அனுப்பாமல் ஊரிலேயே வேலை செய்ய வைக்கும் சமுதாயச் சீர்திருத்தக் கட்டளை 1999இன் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அதற்குத் தனித் திணைக்களம். 1944 முதல் இருக்கிற நன்னடத்தைச் சட்டத்தின் வேலை மட்டும் மாகாணத்துக்கு வந்திருக்கிறது. அச்சுவேலியில் உள்ள சான்றுபெற்ற பாடசாலை, சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களுக்கானது, வட மாகாணத்தின் பொறுப்பில் இயங்குகிறது. அந்த முழுத் தாளிலும் யாழ்ப்பாணம் தானாக முடிவெடுக்கக்கூடிய கட்டம் அது ஒன்றுதான்.

“சரி, மன்னிப்பு? சனாதிபதி எந்தக் கட்டத்தில்?”

ஐயா பேனாவைத் தாளுக்கு வெளியே கொண்டுபோய் மேசையைத் தட்டினார். “அவர் இந்தத் தாளில இல்லைத் தம்பி. அங்கால.”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அரசமைப்பின் 34ஆம் பிரிவு அது. மரண தண்டனைக்காரருக்கு மன்னிப்பு என்றால் தீர்ப்பளித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை எல்லாம் சுற்றி வர வேண்டும். தீர்ப்புகளில் மரண தண்டனை இன்னும் வருகிறது; தூக்கு மட்டும் 1976 ஜூனோடு நின்றுவிட்டது. இந்த மன்னிப்பு எப்படி விழும் என்பதைக் குடாநாடு ஒரு தடவை கண்ணால் பார்த்தது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுத் தமிழர்களைக் கொன்ற வழக்கில் இராணுவ சார்ஜன்ட் ஒருவருக்கு 2015இல் மரண தண்டனை. 2019இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2020 மார்ச்சில், ஊரெல்லாம் கொரோனாவுக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, அன்றைய சனாதிபதி அவரை மன்னித்து வெளியே விட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போன தமிழ்ப் பிள்ளைகளின் தாய்மாரோ வருடக் கணக்காக மனு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. 2025 வெசாக் மன்னிப்பில், சனாதிபதி ஒப்புக்கொண்ட பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர் அநுராதபுரம் சிறையிலிருந்து வெளியே போய்விட்டார். விசாரணையில் சிறை அத்தியட்சகர் கைதானார், கடைசியில் ஆணையாளர் நாயகமும் கைதானார். கட்டத்தின் உச்சியில் இருந்தவரே கட்டத்தின் அடிக்கு! வெசாக்கைச் சொல்லி நான் ரொம்பச் சிரிக்க முடியாது. எங்கள் ஊரில் அண்ணா பிறந்தநாள். 2008இல் அண்ணா நூற்றாண்டுக்கு ஏழு வருடம் முடித்த 1,405 ஆயுள் கைதிகளை ஒரே மூச்சில் விட்டார்கள். கைதி எந்த மாதம் வெளியே வருவான் என்பதை, இங்கே புத்தரும் அங்கே அண்ணாவும் எந்த மாதத்தில் பிறந்தார்கள் என்பது தீர்மானிக்கிறது.

புட்டும் நண்டுக் கறியும் சாப்பிட்டு (அந்த நண்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும்) பண்ணைப் பாலம் வழியாகத் தீவகம் கிளம்பினோம். ரோட்டின் இரண்டு பக்கமும் கடல், ஆனால் முழங்கால் ஆழம். நடுக்கடலில் ஆள் நடந்து போகிறார்! சைக்கிளைக் கரையில் சாத்திவிட்டு, இறால் வலைக் குச்சிகளுக்கிடையே வயலில் களை பார்க்கிறவர் நிதானத்தோடு போகிறார். நான் வாயைப் பிளந்தேன். அண்ணைக்கு என் ஆச்சரியம்தான் ஆச்சரியம்.

ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கு முன்னால் ஓட்டோ வேகம் குறைந்தது. சிறை பஸ் ஒன்று வந்து நின்றிருந்தது. இறங்கியவர்கள் எங்கள் ஆட்கள். கைலி, அரைக்கால் சட்டை, செருப்பில்லாத கால்கள். ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள். என் பேச்சைக் கேட்டதும் ஒருவர் திரும்பினார்.

“அண்ணே, எந்த ஊரு?”

“வேலூர்.”

“அங்க கடல் இல்லியே!” என்றார். காவலர் கையைக் காட்ட, வரிசை உள்ளே போய்விட்டது. அந்த நிலைமையில் அவருக்குத் தோன்றியது அதுதான்.

எல்லையைத் தாண்டி வந்து பிடிபட்டால் கடற்படை கடற்றொழில் திணைக்களத்திடம் கொடுக்கும், திணைக்களம் நீதவானிடம் கொண்டுவரும், நீதவான் விளக்கமறியலில் வைக்கச் சொல்வார். பண்ணைச் சிறை. தவணைக்குத் தவணை நீட்டிப்பு. முதல் தடவை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்திவைக்கப்பட்ட தண்டனை கொடுத்து விடுவார்கள். மறுபடி பிடிபட்டால் அந்தத் தண்டனையும் சேர்ந்து எழுந்து நிற்கும். விடுதலையானவர்கள் கொழும்புப் பக்கம் மிரிஹான முகாமுக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் சென்னை. கடலில் சில மணி நேரத்தில் வந்தவர் வானத்தில் சுற்றி ஊர் போகிறார். படகு அரசுடைமை. 2018 சட்டத் திருத்தத்துக்குப் பின் அபராதமும் கடுமை.

நான் உச்சுக்கொட்டியதும் அண்ணை பேச ஆரம்பித்தார். “பாவம்தான். ஆனா உங்கட ரோலர் வந்து போனா எங்கட வலை ஒண்டும் மிஞ்சாது. அடியோட வழிச்சுக்கொண்டு போறாங்கள். யுத்தத்தில கடலுக்குப் போக விடேல்லை. இப்ப கடல் இருக்கு, மீன் இல்லை.” இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் ‘மீனவர்கள் சிறைபிடிப்பு’ என்று மட்டும் படித்து வளர்ந்தவன் நான். அறுந்த வலையின் விலையைத் தெரிந்துகொள்ள, அதைக் கட்டியவரின் ஊருக்கே வர வேண்டியிருந்தது.

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடலைக் கடக்க ‘பாதை’ என்கிற மிதவை. ஆளும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஏறிக்கொள்ள, காசு வாங்காமல் அக்கரை சேர்க்கிறது. நடுவில் வரும்போது தண்ணீருக்கு நடுவே எண்கோணமாக ஒரு கல் கட்டடம். கடற்கோட்டை, ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹம்மன்ஹீல். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளிருந்த போர்த்துக்கீசர் குடிக்கத் தண்ணீர் தீர்ந்து சரணடைந்தார்களாம். சுற்றிலும் தண்ணீர், உள்ளே தாகம். பிறகு அது சிறையானது. 1971 கிளர்ச்சிக்காரர்களை அடைத்து வைத்தார்கள்.

இன்று அது கடற்படை நடத்தும் ஹோட்டல். சத்தியமாக! காரைநகரில் படகேறிப் போனால் சீருடைக்காரர் வரவேற்று இளநீர் தருகிறார். காசு கொடுத்துச் சிறையில் தூங்கலாம், ஏ.சி. அறை, காலையில் கடல் பார்த்தபடி ஆம்லெட். எங்கள் தொரப்பாடியில் இப்படி ஒரு விளம்பரம் போட்டால் அடிக்க வருவார்கள். ஒரு பழைய அறையை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். சுவரில் கைதிகள் கீறிய பெயர்கள், சிங்கள எழுத்தில், வளைந்து வளைந்து. எனக்குப் படிக்கத் தெரியாது. விரலால் ஒன்றைத் தொடர்ந்து பார்த்தேன். கடைசி எழுத்து மற்றவற்றைவிட ஆழமாக இருந்தது. எழுதியவனுக்கு நேரம் நிறைய இருந்திருக்கிறது. பின்னால் ஒரு தேனிலவு ஜோடி செல்ஃபிக்குக் காத்திருந்ததால் நகர்ந்துகொண்டேன்.

அடுத்த நாள் விடியலில் வடமராட்சி பஸ். கோப்பாய், நீர்வேலி வழியாகச் செம்மண், வாழைத் தோட்டம், பனி. வல்லை வெளியில் மரமே இல்லை. திறந்த ஜன்னல் வழியே காற்று அடித்த அடியில் பல் கிட்டிப்போய், முதல் நாள் கடைக்காரரின் கம்பளித் தொப்பியை மானசீகமாக மன்னித்தேன். உடுப்பிட்டியில் இறங்கினேன்.

சாந்தன் கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் கைது. மரண தண்டனை. கருணை மனு பதினொரு வருடம் கிடப்பில் கிடந்த காரணத்தால் 2014இல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. தமிழக அமைச்சரவை 2018இல் விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. 2022 நவம்பர் 11இல் உச்ச நீதிமன்றமே விடுவித்தது. விடுவிக்கப்பட்டவர் ஊருக்குப் போகவில்லை. திருச்சி மத்திய சிறை வளாகத்தில் இருக்கும் சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நாடு திரும்ப அனுமதி வந்த சில நாட்களில், 2024 பிப்ரவரி 28இல், சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். உடல்தான் உடுப்பிட்டி வந்தது. எள்ளங்குளத்தில் அடக்கம் செய்தார்கள்.

தேநீர்க் கடையில் நான் தமிழ்நாடு என்றதும் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “தம்பி, கோட்டு விட்ட பிறகும் ஏன் வைச்சிருந்தவை? அது மறியலோ, இல்லாட்டி வேறயோ?”

கொக்குவில் ஐயா போட்ட மாதிரி நானும் மனசுக்குள் கட்டம் போட்டுப் பார்த்தேன். சிறைத் துறையின் கட்டத்தில் சிறப்பு முகாம் இல்லை. வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் பொறுப்பு, காவலுக்குக் கியூ பிரிவு போலீஸ், பிடித்து வைத்தது அன்றைய வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ். அங்கே தண்டனை இல்லை, ஆகவே தண்டனைக் குறைப்பு இல்லை. கைதி இல்லை, ஆகவே பரோல் இல்லை. அண்ணா பிறந்தநாள் பட்டியலிலும் அந்தப் பெயர்கள் வராது. இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப மறியலை விட மோசம்” என்றார்.

அவர் சொன்னது சரி. கொழும்பின் சாவியைப் பார்த்து ஆச்சரியப்படப் போனவன், நம் வீட்டில் சாவித் துவாரமே இல்லாத கதவு ஒன்று இருப்பதை உடுப்பிட்டியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தண்டனை பெற்ற கைதிகளைச் சொந்த நாட்டுக்கு மாற்றிக்கொள்ள இந்தியாவும் இலங்கையும் 2010 ஜூனில் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. தண்டனை பெற்றவரையே அனுப்ப வழி இருக்கும்போது, தண்டனை முடிந்தவரை அடைத்து வைக்க எந்த நியாயமும் இல்லை. முகாமில் ஒருவரை வைப்பது மாநில அரசின் உத்தரவால். அவரை வெளியே விடவும், முகாமையே மூடவும், அதே சென்னைக் கோட்டையிலிருந்து இன்னோர் உத்தரவு போதும். அதைத் தமிழக அரசு போட வேண்டும்.